ஏரியைக் காத்தது யார் வீட்டு நெல்?

கேள்வி இது: “தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளம் இருக்கின்றன என்கிறார்கள். மன்னர்கள் கட்டியதை வெள்ளைக்காரன் கெடுத்தானா, நாமே கெடுத்துக்கொண்டோமா? ஊர்க்குடிகளே கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து ஏன் நின்றுபோனது? இப்போது தூர்வாரினால் பழையபடி ஆகிவிடுமா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரியைக் கட்டியவர் மன்னராகவோ, ஊர்ச் சபையாகவோ, வணிகராகவோ இருக்கலாம். கட்டியபின் அதைக் காத்தது, களத்து மேட்டில் ஏரிக்கென்று அளந்து ஒதுக்கிய நெல். அந்த ஒதுக்கீட்டைக் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி தன் கஜானாவுக்கு மாற்றிக்கொண்டது. மிச்சம் இருந்த அக்கறையை மோட்டார் பம்புசெட்டு எடுத்துக்கொண்டது. தூர்வாருவது இந்த இரண்டில் எதையும் சரிசெய்யாது. ஏன் என்று புரிய ஏரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நீர்ப்பரப்பு 100 ஏக்கர், சராசரி ஆழம் 5 அடி உள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் 500 ஏக்கர்-அடி நீர். ஒரு ஏக்கர்-அடி என்பது 43,560 கன அடி. ஆக மொத்தம் ஏறத்தாழ 218 லட்சம் கன அடி. நம்மூர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும்; ஒரு போகம் முடிவதற்குள் சராசரியாக ஓரடி நீர் வானத்துக்குப் போய்விடும். மீதி 400 ஏக்கர்-அடி. நெல்லுக்கு, வாய்க்கால் கசிவையும் சேர்த்து, ஒரு போகத்துக்கு நாலடி நீர் என்று வைத்தால் 100 ஏக்கர் பாயும். அதுதான் ஆயக்கட்டு.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஒரு சதுர மைல் நிலத்தில் ஓரங்குல மழை பெய்தால் 23 லட்சம் கன அடி. வடகிழக்குப் பருவத்தில் 20 அங்குலம் பெய்து, அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஓடி வருகிறது என்று கொண்டால் சதுர மைலுக்கு 70 லட்சம் கன அடி கிடைக்கும். ஆக, நம் ஏரி நிரம்ப மூன்று சதுர மைலுக்குச் சற்று அதிகமான நீர்பிடிப்பு வேண்டும். ஏக்கரில் சொன்னால் கிட்டத்தட்ட 2,000. ஏரி என்று நாம் கைகாட்டும் 100 ஏக்கருக்கு மேலே, அதைப் போல இருபது மடங்கு நிலம் ஏரியின் உறுப்பாக இருக்கிறது. அந்த 2,000 ஏக்கரில் ஓடி வரும் வரத்துக் கால்வாயை ஒரு வீட்டுமனைக்காரர் மண் போட்டு மூடினால், கீழே கரை எத்தனை உயரம் இருந்தும் பயனில்லை.

இனி உறுப்புகள். மழைநீரைத் தடுப்பது கரை. கரையின் உள்சரிவில் அலை அரிக்காமலிருக்கப் பதித்த கல் அலைகல். மிகுநீர் வழிவது கலிங்கு. பாசனத்துக்கு நீர் விடுவது மதகு; தெற்கே மடை என்பார்கள். பல்லவர், பாண்டியர் காலத்து ஏரிகளில் இன்றும் நிற்கும் குமிழித் தூம்பு தனியாகப் பார்க்க வேண்டிய வேலைப்பாடு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்குள், இரண்டு கல்தூண்கள். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளை. துளை வழியே இறங்கும் கம்பின் முனையில் அடைப்பு. தரைமட்டத்தில் கல்தொட்டி, அதன் மேல்புறத்தில் ஒரு துளை, அது நீரோடி. தொட்டியின் பக்கவாட்டில், அடியை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. அடைப்பைத் தூக்கினால் மேல்துளையில் நீர் சுழித்து இறங்கும். அந்த இழுவையில் அடித்துளைகள் வழியே சேறும் உறிஞ்சப்பட்டு, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வயலுக்குச் சென்றுவிடும். மதகு வாயில் வண்டல் அடைக்காமலிருக்கத் தனியாக யாரும் வெட்ட வேண்டாம். பாசனமே அந்த வேலையைச் செய்துகொள்ளும். நீச்சல் தெரிந்தவர் மூச்சடக்கி இறங்கித்தான் இந்த அடைப்பைச் சரிசெய்ய முடியும். மடையர் என்று அவர்களுக்குப் பெயர். இன்று வசவாக ஒலிக்கும் இந்தச் சொல் ஒரு காலத்தில் ஊரின் உயிரைக் கையில் வைத்திருந்தவர்களின் தொழிற்பெயர் என்பது பலருக்கு இன்று வியப்பாக இருக்கும்.

ஏரிகள் தனித்தனியாகவும் இல்லை. மேலூர் ஏரியின் கலிங்கு வழிந்தால் அது கீழூர் ஏரிக்கு வரத்து. பாலாறு, வைகை, குண்டாறு வடிநிலங்களில் இப்படிச் சங்கிலி சங்கிலியாகப் போகும். மேலூர்க்காரர் கலிங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகையும் புல்கரணையும் வைத்து ஓரடி நீரை உயர்த்திப் பிடித்தால் கீழூரில் நடவு கிடையாது. உயர்த்தாவிட்டால் மேலூரில் கடைமடை காயும். எந்தத் தேதிக்கு மேல் பலகை போடலாம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் வழக்கத்தில் இருந்தது. இராமநாதபுரம் பக்கம் இவற்றை மாமூல்நாமா என்று எழுதியே வைத்தார்கள். ஆண்டுதோறும் வெட்டு, குத்து, வழக்கு எல்லாம் இதனால்தான் வந்தன. பழங்காலம் அமைதியாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இதற்கெல்லாம் யார் செலவு செய்தார்கள்?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தவை, பொ.ஆ. 919, 921. ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டாரமாகப் பிரித்து, ஓலை எழுதிக் குடத்தில் இட்டு ஆள் எடுத்தார்கள். அதில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு (வேலி அக்கால நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர்கள். கணக்குக் காட்டாதவரைத் தள்ளும் இந்த விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணக்குக் கேட்கிறார்கள் என்றால் கையில் பணம் புழங்கியது என்று பொருள். அந்த ஊரின் ஏரி வைரமேக தடாகம், பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே இருந்தது. அந்த மன்னன் போய்ச் சேர்ந்து எழுபது ஆண்டுக்கு மேல் கழித்தும் வாரியம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, காசு இருந்ததால்.

காசு பல வழியில் வந்தது. ஏரிப்பட்டி என்று நிலம் விட்டார்கள். அதன் விளைச்சல் ஏரிக்கு. சிலர் பொன்னை முதலாக வைத்தார்கள்; முதலைத் தொடாமல், வட்டியான பொலிசையில் ஆண்டுதோறும் உள்வாயில் (ஏரியின் நீர் தேங்கும் உட்பகுதியில்) குழி குத்தி, எடுத்த மண்ணைக் கரையில் இட வேண்டும். ஏரியில் ஓடம் விட்டு மண் எடுக்கவும் அறக்கட்டளைகள் இருந்தன. மீன் குத்தகைக்குப் பாசிப்பாட்டம் என்று பெயர். அந்த வருமானத்தை அதே ஏரியின் பராமரிப்புக்கு விட்டதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேல், அறுவடையில் பங்கு. களத்தில் நெல்லைப் பொலியாகக் குவித்ததும், அரசின் மேல்வாரம், பயிரிட்டவரின் குடிவாரம் என்று பிரிப்பதற்கு முன்பே, மேரை, சுதந்திரம் என்ற பெயரில் கொல்லன், தச்சன், வெட்டியான், நீர்க்கட்டி (மதகு திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடுபவர்), கோயில், ஏரி எல்லாவற்றுக்கும் மரக்கால் கணக்கில் எடுத்துவைத்துவிடுவார்கள். 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்தபோது, இந்த ஒதுக்கீடுகள் ஊருக்கு ஊர் கணக்கில் இருந்தன.

இந்த முறையின் நுட்பம் இதுதான்: ஏரி நிரம்பி விளைச்சல் பெருகினால் ஏரிக்கு வரும் பங்கும் பெருகும். நீர்க்கட்டியின் கூலியும் அப்படியே. கடைமடை வரை தண்ணீர் போனால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். மேற்பார்வைக்கு ஆள் தேவையில்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. வாரியத்தில் உட்கார்ந்தவர்கள் நிலம் உடைய பிராமணர்கள். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ என்பது கூலியில்லா வேலை. பின்னாளில் அமஞ்சி என்றார்கள். நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீரைப் பங்கிடும் பொறுப்பு அவர்களிடம், நிலம் இல்லை. ‘மக்கள் தாமாக முன்வந்து செய்த குடிமராமத்து’ என்று மேடையில் பேசுகிறார்களே, அதில் ‘தாமாக’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். சொல்லப்போனால் குடிமராமத்து என்ற பெயரே சோழர் காலத்தது ஆகாது. ‘மராமத்து’ பாரசீகம் வழியாக வந்த அரபுச் சொல்.

ஆங்கிலேயருக்கு வருவோம். பழி முழுவதையும் அவர்கள் தலையில் போடுவதில் ஒரு சிக்கல், அவர்கள் நாட்டைக் கையில் எடுக்கும் முன்பே கர்நாடகப் போர்கள் பல ஏரிகளை உடைத்துவிட்டன. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் செங்கல்பட்டுச் சீமை காலியானது. ஆள் இல்லாத ஊரில் கரைக்கு யார் மண் போடுவது? 1790-களில் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பல ஏரிகளைப் பழுதுபார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேதம் வேறு இடத்தில் நடந்தது, கணக்குப் புத்தகத்தில். தாமஸ் மன்றோ 1820-இல் சென்னை ஆளுநராக வந்தபின் ரயத்துவாரி பரவலானது. ஊரோடு கணக்கு முடிந்தது. ஒவ்வொரு பட்டாதாரரும் தன் தீர்வையை ரொக்கமாக அரசுக்குக் கட்ட வேண்டும். ஏரித் தண்ணீர் பாயும் நஞ்சைக்கு அதிகத் தீர்வை. தண்ணீருக்கான விலையை அரசு தீர்வையிலேயே வாங்கிக்கொண்டபின், “ஏரியைப் பார்ப்பது இனி சர்க்கார் வேலைதானே” என்று குடியானவர் நினைத்தால் அதில் தப்பென்ன? சர்க்காரோ “மராமத்து உங்கள் பழைய வழக்கம், நீங்கள்தான் செய்ய வேண்டும்” என்றது. வருமானத்தை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரில் விட்டது. ஊர்ப் பொதுச் செலவுக்கான மானியங்களில் சில முன்பே ஜப்தியாயின. மானிய நிலங்களை விசாரிக்க 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் மிச்சத்தை ஆராய்ந்து, பலவற்றைத் தனியார் பட்டாவாக்கியது. ஏரிப்பட்டி நிலம் ஒருவர் பெயருக்குப் போனபின், அதன் நெல் ஏரிக்கு வருமா?

இதோடு விலை வீழ்ச்சி சேர்ந்துகொண்டது. 1820-களிலிருந்து 1850-கள் வரை சென்னை மாகாணத்தில் தானிய விலை தாழ்ந்தே கிடந்தது. தீர்வை ரொக்கத்தில் நிலையாக இருக்க, நெல் விலை குறைந்தால், அதே தீர்வையைக் கட்ட அதிக மூட்டை விற்க வேண்டும். பழைய வாரமுறையில் விலை இறங்கினால் அரசுக்கும் இறங்கும். புதிய முறையில் இழப்பு முழுக்கக் குடியானவருக்கு. கையிருப்பு கரைந்த குடி கரைக்கு மண் அடிக்கப் போகாது.

1852-இல் சென்னைப் பொதுப்பணி ஆணையமே ஏரிகளுக்கு அரசு செலவிடுவது போதாது என்று அறிக்கை தந்தது. பதில் நடவடிக்கையாக வந்தது 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம்! வழக்கமான மராமத்தைச் செய்யாதவரிடம் பணமாக வசூலிக்கலாம் என்றது. எந்த ஊரில் என்ன வழக்கம், யார் பொறுப்பு என்று நிரூபிப்பது பெரும்பாடு. சட்டம் பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. இதற்கிடையே அரசின் முதலீடு வேறு பக்கம் போயிற்று. கொள்ளிடத்தில் மேலணை 1836, கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டு 1847 முதல் 1852 வரை. இரண்டையும் கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டன். ஒரே இடத்தில் பணம் போட்டால் பல லட்சம் ஏக்கர், உடனே தெரியும் வருமானம். பின்னாளில் பெரிய அணைகள் ‘பலன் தரும் பணிகள்’ என்று வகைப்பட்டு, கடன் வாங்கிக் கட்டப்பட்டன. ஏரிகள் ‘சிறு பணிகள்’ ஆகி, அந்தந்த ஆண்டு வரவில் மிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றன. லண்டனில் கடன் பத்திரம் வாங்குபவருக்கு ஒரு கண்மாயின் மதகு எப்படித் தெரியும்?

1876–78 பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றபின் 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தது. இதில் உருப்படியாக ஒன்று நடந்தது: ஏரி ஏரியாக அளந்து மெமாயர் எழுதினார்கள். முழுக் கொள்ளளவு மட்டம், மதகின் அடிமட்டம், கலிங்கின் நீளம், ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். இன்றும் ஓர் ஏரியின் எல்லை பற்றிச் சண்டை வந்தால் முதலில் தேட வேண்டிய காகிதம் அது. ஆனால் அந்தத் திட்டமும் பழுதுபார்க்கும் திட்டம்தான்; நாளாந்தப் பராமரிப்புக்கு வருமானம் கொடுக்கும் திட்டமில்லை. பிற்பாடு வந்தவை பலவும் அதே குறையோடு வந்தன.

சுதந்திரத்துக்குப் பின். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன் கண்மாய்கள் அரசுக்கு வந்தன, பெரும்பாலும் பழுதான நிலையில். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு (2021 முதல் நீர்வளத் துறை), அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே சங்கிலியில் மேல் ஏரி ஒரு துறை, கீழ் ஏரி இன்னொன்று. நிலம் வருவாய்த் துறைக்கு, மரம் சில இடங்களில் வனத்துறைக்கு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி கிணற்றிலிருந்து வந்தது. 1950-களிலிருந்து மின்சாரம் ஊர் ஊராகப் போனது. 1960-களில் குட்டை நெல் ரகங்கள் வந்து, குறித்த நாளில் நீர் கேட்டன. ஏரி குறித்த நாளில் தராது, பம்புசெட்டு தரும். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் எல்லோருக்கும் பாசன மின்சாரம் இலவசமானது. இதன் பொருளாதாரத்தைப் பாருங்கள். கிணறு தோண்டும் செலவைச் செய்துவிட்டவருக்கு அதற்குமேல் ஒவ்வொரு குடம் தண்ணீரும் ஓசி. ஏரித் தண்ணீருக்கோ கூட்டம், முறை, சண்டை, மண்வேலை. அவர் ஏன் வருவார்? கிணறு வைக்க வசதியுள்ளவர்தான் ஊரில் பெரிய குடி. ஊரைக் கூட்டி மராமத்து செய்ய வைக்கக்கூடியவரும் அவரே. அவர் விலகியபின் மிஞ்சியவர்கள் கிணறில்லாச் சிறு விவசாயிகள், அவர்கள் சொன்னால் எடுபடாது. இன்னும் ஒரு படி மேலே போய், ஆயக்கட்டில் கிணறு வைத்திருப்பவர் ஏரி மதகைத் திறக்காமலிருப்பதையே விரும்புவார். நீர் தேங்கி நின்றால் அவர் கிணறு ஊறும். பல இடங்களில் ஏரி இப்படி ஊறல் குளமாக மாறிவிட்டது. அது தன்னளவில் கெட்டதும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் இப்போது கிணறு உள்ளவருக்கு மட்டும் போகிறது.

கணக்கில் இது தெரிகிறது. 1960-களின் தொடக்கத்தில் ஏரிப் பாசனம் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர். இந்த நூற்றாண்டில் அது 6 லட்சத்தைத் தாண்டுவதே அபூர்வம். பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் இன்று கிணறும் ஆழ்துளைக் கிணறும்.

யூரியாவுக்கும் இதில் பங்குண்டு. வண்டல் மண் முன்பு உரம். கோடையில் விவசாயி தானே வண்டி கட்டி வந்து அள்ளிப் போவார், ஏரி இலவசமாக ஆழமாகும். மூட்டையில் உரம் வந்ததும் வண்டலுக்குத் தேவை குறைந்தது. மண்ணெடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி மீதியை நிறுத்தியது. (2017-இல் விவசாயிகள் கட்டணமின்றி எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள்.) 1980-களில் சமூகக் காடு என்று உள்வாயில் கருவேலம் நட்டார்கள். சீமைக்கருவேலம் நடாமலே வந்தது.

ஆக்கிரமிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் ஒரு வரியில் விட முடியாது. ஏரி நிரம்பாத இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தால் உள்வாயின் மேல்முனை காய்ந்து கிடக்கும். யாராவது எள்ளோ கம்போ விதைப்பார். வருவாய்த் துறை ‘பி-மெமோ’ போட்டு அபராதம் வாங்கும். அபராத ரசீது பத்தாண்டு சேர்ந்தால் அதுவே அனுபவப் பாத்தியதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும். பிறகு மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் அவர் பயிர் முழுகும். இரவோடு இரவாகக் கலிங்கை உடைத்துவிடுவார். ஏரி மறுபடி நிரம்பாது. நகரத்தில் அரசே இதைப் பெரிய அளவில் செய்தது. சென்னையில் மாம்பலம் ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரியில் குடியிருப்பும் வள்ளுவர் கோட்டமும். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் இடத்தின் பெயர் உலகனேரி. பெயரிலேயே சாட்சி!

இப்போது கடைசிக் கேள்வி: தூர்வாரினால் போதுமா?

நம் 100 ஏக்கர் ஏரியில் சராசரி ஓரடி வண்டல் சேர்ந்திருக்கிறது என்போம். முழுவதையும் எடுக்க 1,23,000 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பரில் 3 கன மீட்டர் போகும் என்றால் 41,000 நடை. நாளுக்கு 200 நடை போனாலும் 205 நாள். ஏரி அத்தனை நாள் காய்ந்து கிடக்காது. இவ்வளவும் செய்து கிடைப்பது 100 ஏக்கர்-அடி, அதாவது 25 ஏக்கர் நெல்லுக்கான நீர். அதுவும் வரத்து வந்தால். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணறு ஊறவும் அது உதவும், பாசனத்துக்கு உதவாது. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்.

முதலில் எல்லை. கிராம ‘அ’ பதிவேடு, புலப்பட வரைபடம், ஏரியின் மெமாயர் மூன்றையும் வைத்து அளந்து கல் நட வேண்டும். 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளவை முடியாத ஏரிக்கு அது பயன்படாது. அடுத்து வரத்துக் கால்வாய், நீர்பிடிப்பின் உச்சி வரை நடந்து பார்த்து. செலவிடும் ரூபாய்க்கு அதிக நீர் தருவது இதுதான், ஆனால் ஏரிக்கு வெளியே இருப்பதால் எந்த ஒப்பந்தத்திலும் சேராது. பிறகு கலிங்கு: உடைந்ததை அடைக்கும்போது மட்டத்தை மெமாயரில் உள்ளபடியே வைக்க வேண்டும். அரையடி உயர்த்தினால் மேலே வயல் முழுகும், கீழே ஏரி காயும், நீங்கள் நீதிமன்றத்துக்குப் போவீர்கள். பிறகு மதகு, அதன் பிறகு கரை, கடைசியில் மண் எடுப்பது. அதுவும் மதகுக்கு வரும் வழியிலும், மேடிட்ட இடங்களிலும் மட்டும்.

கரை வேலையில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. ஒப்பந்தக்காரருக்குத் தூரம் குறைந்தால் லாபம், எனவே கரையடியை ஒட்டியே பொக்லைன் வைத்துத் தோண்டி அந்த மண்ணைக் கரைமேல் தள்ளுவார். அடி வலுவிழந்து, மேலே பாரம் கூடி, முதல் மழையில் கரை உள்ளே சரியும். மண்ணைக் கரையிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் எடுக்க வேண்டும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு, புது மண்ணை 9 அங்குலத்துக்கு மிகாத அடுக்காகப் போட்டு, நனைத்து, உருளை ஓட்ட வேண்டும். படி வெட்டாமல் கொட்டிய மண் பழைய கரையோடு ஒட்டாது. சரிவு ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம். கரைமேல் வளர்ந்த பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், வேர் மக்கிய இடம் பத்தாண்டில் குழாயாகும். ஏரி அடியில் களிமண் படிவத்தைத் தாண்டி மணல் வரை தோண்டியவர்கள் ஏரியை ஓட்டைப் பாத்திரமாக்கியிருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் கரையின் வெளிப்புற அடியில் ஊற்று கிளம்பினால் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கசிவு, கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது, நண்டு வளை அல்லது எலி வளை வழியாக. அந்த வாயைச் சாக்கு வைத்து அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்; அப்படிச் செய்தால் நீர் பக்கத்தில் வேறு வழி பார்க்கும். ஊற்றின் மேல் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி போட்டு, சுற்றிலும் மணல் மூட்டையால் வட்டமாகத் தொட்டி கட்டி, நீரை அதில் தேங்க விட வேண்டும். நீர் வரட்டும், மண் வரக் கூடாது. உள்பக்கத்தில் வளையின் வாய் தெரிந்தால் அதைக் களிமண்ணால் மூடலாம். அதே நேரம் ஒருவர் ஓடிப்போய்க் கலிங்கில் பலகை இருந்தால் பிடுங்க வேண்டும்.

2017-இல் குடிமராமத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கி, ஆயக்கட்டுதாரர் நூற்றுக்குப் பத்து பங்கு தர வேண்டும் என்றது. பல இடங்களில் அந்தப் பத்தை வேலை எடுத்தவரே கட்டிவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. எழாமல் எப்படி இருக்கும்? வேலை முடிந்த மறுநாள் முதல் ஏரிக்கு வருமானம் எதுவும் இல்லை. மீன் குத்தகை, மரங்களின் ஏலம், செங்கல் சூளைக்குப் போகும் மண்ணின் கட்டணம், எல்லாம் ஏதாவது ஒரு துறைக்கோ ஊராட்சிக்கோ போகிறது. மீன் குத்தகைக்காரர் நீரைக் கடைசி வரை தேக்கச் சொல்வார், விவசாயி திறக்கச் சொல்வார். இருவருக்கும் நடுவில் நின்று முடிவு சொல்லக் கூலி பெறும் நீர்க்கட்டி இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் சரியாகவே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இதற்குக் கல்வெட்டுக் காலத்து ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ளக்கூடியது பாசிப்பாட்டம். அந்த ஏரியின் மீன், மரம், மண் வருமானம் அந்த ஏரியின் கணக்கிலேயே விழ வேண்டும். ஆயக்கட்டில் பாயும் ஒவ்வொரு ஏக்கருக்கும், ஏரியால் ஊறும் ஒவ்வொரு கிணற்றுக்கும் அறுவடையில் ஒரு மூட்டை நெல்லின் விலை. கிணற்றுக்காரரை விட்டுவிட்டு ஏக்கருக்கு மட்டும் வசூலித்தால் பழைய கதைதான், பெரிய குடி வெளியே நிற்கும். நம் 100 ஏக்கர் ஏரியில் 40 கிணறு இருந்தால் ஆண்டுக்கு 140 மூட்டை. ஒரு நீர்க்கட்டிக்கு முறையான சம்பளத்தில் ஒரு பகுதி, மதகுக்கு எண்ணெயும் கிரீசும், ஐப்பசிக்கு முன் வரத்துக் கால்வாயில் நாலு நாள் வேலை, எலி வளை அடைப்பு: இதற்கு அது வரும். கரை உடைந்தால் வராது, அதற்கு அரசுதான். கணக்கை ஆண்டுக்கொரு முறை ஊர்ச் சாவடியில் படித்துக் காட்ட வேண்டும். காட்டாதவர் அடுத்த ஆண்டு வரக் கூடாது, உறவினரும்.